பத்தாவது ஆள்

வியாழன் மாலை ஆறேகால்.
உள்ளே ஒன்பது பேர்.
வாசலில் நான், இடுப்பில் ஒன்பது மில்லிமீட்டர்.
இரண்டு ஒன்பதும் ஒத்துப்போனது தற்செயல்.

இரும்பாலை மூடிய பின்
இந்த ஒஹாயோ ஆற்றங்கரையில்
மிஞ்சிய யூதர்கள் இவ்வளவுதான்.
பத்துப் பேர் கூடினால் சபை.
சபை கூடினால்தான்
இறந்தவருக்கான ஜெபத்தைச் சொல்லலாம்.
ஒன்பது பேர் கூடினால்
ஒன்பது பேர், அவ்வளவுதான்.

இன்று டோவா லிஃப்ஷிட்ஸின் அப்பாவுக்குத் திதி.
கொலம்பஸிலிருந்து பனியில் ஓட்டி வந்திருக்கிறாள்,
பூட்ஸைக் கழற்றக்கூட இல்லை.

வேறோர் ஊரில் அது நடந்த மறுவாரம்
ஷெரீஃபைக் கூப்பிட்டுக் கேட்டோம்.
எட்டு நிமிஷத்தில் வந்துவிடுவோம் என்றார்,
பெருமையாகத்தான் சொன்னார்.
அந்த ஊரில் எல்லாம் முடிய
எத்தனை நிமிஷம் ஆனது என்று
யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
ஓட்டெடுப்பு. ஆறுக்கு ஐந்து.
துப்பாக்கிக்குப் பின்னால் நின்று
கடவுளிடம் பேசமாட்டேன் என்று
ஹெட்டி ஸாமெட் எழுந்து போனாள்.
கேக் கொண்டுவந்த தட்டைக்கூட
எடுத்துக்கொண்டு போகவில்லை.
அவள் இருந்திருந்தால் இன்று உள்ளே பத்து.
நான் யாருக்கும் தேவைப்படாத பதினொன்று.

முப்பத்தோரு வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை.
இது தெளிவா, அது தெளிவா என்று
ஊரையே கேட்டவன் நான்.
அதனால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.
பயிற்சியில் பத்துக்கு ஏழு.
சபாஷ் என்றார் பயிற்சியாளர்.
தாள் அசையவில்லை.
தாள் ஜாக்கெட்டுக்குள் கைவிடவும் இல்லை.

அக்டோபரில் ஒரு பையன் விட்டான்.
முக்காடு, இருட்டு, மூன்று படி.
என்னைக் கேளாமலே போனது என் கை.
உறையின் பொத்தான் திறந்த சத்தம்
எனக்கு மட்டும் கேட்டது.
அவன் எடுத்தது போன்.
போனில் ஒரு நாய்,
பழுப்பு, ஒரு காது மடங்கியது.
பார்த்தீர்களா சார்?
இல்லை என்றேன்.
பரவாயில்லை என்று போய்விட்டான்.
பொத்தானைத் திரும்ப மாட்ட
விரல் ஒத்துழைக்கவில்லை.
அன்றிரவு இரண்டு தெரு சுற்றி
அந்த நாயைத் தேடினேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
சொன்னால் துப்பாக்கியை வாங்கிவிடுவார்கள்.
வாங்கினால் நிம்மதிதான்.
அப்புறம் அந்த எட்டு நிமிஷம்?

ஸெலிக் கிழவர்தான்
பழைய சட்டப் புத்தகத்தைப் புரட்டிக் கண்டெடுத்தார்:
வெளியே நிற்பவன்
ஜன்னலில் முகம் காட்டினால்
அவனும் கணக்கில் சேர்த்தி.
முகம் போதுமாம்.
இடுப்பைப் பற்றிப் புத்தகம்
எதுவும் சொல்லவில்லை.

படியோரம் ஒடுங்கிய ஜன்னல்.
உடைந்த வண்ணக் கண்ணாடிக்குப் பதில்
கீழ்ச் சதுரத்தில் வெற்றுக் கண்ணாடி.
உடைத்தது யாரோ, புயலோ,
இரண்டில் ஒன்றை நம்பிக்கொள்ளலாம்.
ஸெலிக் உள்ளிருந்து தட்டுகிறார்.
தெருவுக்கு முதுகைக் கொடுத்துவிட்டு
முகத்தைக் கொண்டுபோய் வைக்கிறேன்.

டோவா எழுந்து நிற்கிறாள்.
புரியாத அரமேய வார்த்தைகளை
ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து
விரலால் தடவித் தடவிப் படிக்கிறாள்.
இரண்டு நிமிஷ ஜெபம்.
இவள் வேகத்தில் மூன்றாகும்.
என் மூச்சில் அவள் மறைகிறாள்.
துடைக்கிறேன். வருகிறாள்.

பின்னால் ஒரு கார் வேகம் குறைகிறது.
பனியில் டயர் நெரியும் சத்தம்.
நிற்கிறது.
எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கிறது.

ஆமென் சொல்ல
இன்னும் மூன்று இடம் பாக்கி.
வலது கை எங்கே இருக்கிறதென்று
நான் கீழே பார்க்கவில்லை.
கார் கதவு திறக்கிறது.

ஆமென், என்கிறேன் கண்ணாடியில்.
முகத்தை எடுத்தால் ஒன்பது.